அழிறப்பரில் ஓர் அடையாளம்



உங்கள் வீட்டு அலுமாரியிலோ தகரப் பெட்டியிலோ ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம உத்தியோகத்தர் தந்த கடிதங்கள் எல்லாம் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். இடம்பெயர்ந்து ஓடியபோது உடுப்பை விட்டுவிட்டு இந்தப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நம்மில் பலர். ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். சீல் இல்லாத தாளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சீலுக்கும் பின்னால் ஒரு பஸ் பயணம், ஒரு வரிசை, "ஐயா இண்டைக்கு லீவு, நாளைக்கு வாங்க" என்ற ஒரு பதில் இருக்கும்.

இந்த மாதம் நான் எழுதப்போவதும் சீல் பற்றித்தான். பிள்ளைகளின் அழிறப்பரை எடுத்து, நாமே படம் கீறி, நாமே வெட்டி, நாமே குத்துகிற சீல்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் என்னோடு சமூகவியல் படித்த தோழி ஒருவர் இப்போது இங்கிலாந்தில் வசிக்கிறார். விடுமுறையில் வந்தபோது ஒரு சிறிய கொப்பியைக் காட்டினார். பக்கத்துக்கு ஒன்றாக அதில் சீல்கள்: ஒரு குதிரை, ஒரு கற்பாலம், ஒரு பறவை. பல கையால் வெட்டப்பட்டவை. "இது என்ன?" என்று கேட்டேன். "லெட்டர்பொக்சிங்" என்றார்.

இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் என்று ஒரு பெரிய மேட்டுநிலம் உண்டு. காற்றும் சேறும் நிறைந்த இடம். 1854ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே நடந்துபோகக் கடினமான கிரான்மியர் குளத்தடியில் ஒரு போத்தலை வைத்தாராம். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதற்குள் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னாளில் சிலர் தபாலட்டைகளை அதில் விட்டுச் சென்றார்கள். அடுத்து வருகிறவர் அவற்றை எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பார். அதனால்தான் தபால் பெட்டி என்ற பெயர் வந்தது. காலப்போக்கில் பெட்டிகள் பெருகின. 1998இல் அமெரிக்காவின் 'ஸ்மித்சோனியன்' சஞ்சிகையில் இதைப்பற்றி ஒரு கட்டுரை வந்த பின்னர் அந்த நாட்டிலும் இது பரவியது.

முறை எளிது. பெட்டிக்குள் ஒரு கொப்பியும் ஒரு சீலும் இருக்கும். தேடி வருகிறவரிடமும் ஒரு கொப்பியும் ஒரு சீலும் இருக்கும். உங்கள் சீலைப் பெட்டியின் கொப்பியில் குத்த வேண்டும். பெட்டியின் சீலை உங்கள் கொப்பியில் குத்த வேண்டும். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும். பரிசு இல்லை, போட்டி இல்லை. கடையில் செய்வித்த சீலைவிடக் கையால் வெட்டிய சீலுக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம்.

ஒளித்து வைக்கும் பெட்டி

படுவான்கரையில் நான் பொறுப்பாக இருக்கும் ஒரு பெண்கள் குழுவில் இதைச் சொன்னேன். 14 பேர் கொண்ட குழு. ஆர்வ மிகுதியில் நானே திட்டமும் போட்டுவிட்டேன். வாவியோரத்து மரப் பொந்துகளிலும் கல்லிடுக்குகளிலும் டப்பாக்களை ஒளித்து வைப்போம், ஆளுக்கொரு குறிப்புத் தருவோம், தேடிப் போவோம் என்றேன்.

ஒருவரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, குழுவில் மூத்தவரான மாமி ஒருவர் கேட்டார்.

"புள்ள, ஒளிச்சு வைச்ச பெட்டியத் தேடி எடுக்கச் சொல்லுறாய். கீழ கிடக்கிற சாமானத் தொடாத எண்டு எங்கட புள்ளையளுக்கு இத்தன வருசமா நாங்க சொல்லிக் குடுத்தத என்ன செய்யிற?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்ணிவெடி பற்றிய விழிப்புணர்வுப் படங்களைப் பாடசாலைச் சுவரில் பார்த்து வளர்ந்தவள்தான் நானும். 2017இல் மட்டக்களப்பு கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் உடம்பு கற்றுக்கொண்ட பயத்தை அறிவித்தல் ஒன்றால் எடுத்துவிட முடியாது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, ஆளில்லாமல் கிடக்கும் பையைக் கண்டால் நகரத்தில் எல்லோரும் ஒதுங்கி நின்றதையும் நாம் மறக்கவில்லை. டார்ட்மூரில் விளையாட்டாக இருப்பது இங்கே விளையாட்டு அல்ல.

ஆகவே திட்டத்தை மாற்றினோம். எதையும் ஒளிக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் கொப்பியும் அந்த வீட்டுக்காரியின் சீலும். குறிப்பு என்பது அந்த வீட்டுக்குப் போகும் வழிதான். "குளக்கட்டால வந்து, இரட்டைத் தென்னையடியில் திரும்பினால் நீலக் கேற்" என்பதுபோல. போய்க் கூப்பிட வேண்டும், இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும், சீலை மாற்றிக் குத்திக்கொள்ள வேண்டும். ஒரே ஊரில் இருந்தும் ஒருவர் வாசலை ஒருவர் பல வருடமாக மிதிக்காதவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சீல் எண்டா அரசாங்கத்திட சாமானெல்லோ, நாங்க வெட்டலாமா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அரச அலுவலகத்தின் சீலையோ, வங்கியின், சங்கத்தின் சீலையோ போல வெட்டுவது குற்றம். விளையாட்டுக்கும் செய்யக்கூடாது. ஆனால் தனக்கென்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்வது நமக்குப் புதியதல்ல. வட்டையில் மேயும் மாடு யாருடையது என்று சுட்ட குறியைப் பார்த்துத்தானே சொல்வார்கள்? சலவைக்குப் போன சீலையின் ஓரத்தில் குறி இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். 1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் பழைய ஈமக்குழி ஒன்றைத் தோண்டியபோது, பெயர் பொறித்த சிறிய உலோக முத்திரை ஒன்று கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நம் நாட்டில் சிலர் முத்திரை வைத்திருந்தார்கள்.

நான் பழுதாக்கிய றப்பர்கள்

சொல்லிக் கொடுக்கப் போகும் முன் நானே வெட்டிப் பார்த்தேன். முதல் றப்பரில் ஒரு தோணியும் கீழே என் பெயரும். குத்திப் பார்த்தால் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறி விழுந்திருந்தது. இரண்டாவதில் எழுத்து நேராக வந்தது. ஆனால் நான்கு தரம் குத்தியதும் தோணியின் பாய்மரம் ஒடிந்துபோனது. மூன்றாவதில் படத்தைச் சுற்றி ஊத்தைபோல் கோடுகள். பள்ளிக்கூடம் போகும் என் மருமகளின் றப்பர்கள் தீர்ந்தன. அவளும் கோபித்துக்கொண்டாள்.

என் வெட்டைத் திருத்தியவர் கண்ணிவெடி பற்றிக் கேட்ட அதே மாமிதான். அவர் மீன் விற்கிறவர். நான் பேப்பர் கட்டரைச் சுற்றிச் சுற்றி வளைத்து வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அரிவாள்மணையில மீன் வெட்டக்குள்ள நீ மணையையா திருப்புவாய்? மீனைத் திருப்பு" என்றார். கத்தி பிடித்த கையை அசைக்காமல் மேசையில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் றப்பரை மெதுவாகத் திருப்பினேன். வட்டம் வட்டமாகவே வந்தது. இத்தனை வருடம் நான் 'வளவாளர்' என்று பெயர் போட்டுச் செயலமர்வு நடத்தியிருக்கிறேன். அன்று அவர்தான் வளவாளர்.

அதன் பின் நாங்கள் கூடிக் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

றப்பரும் கத்தியும்: பெரிய வெள்ளை அழிறப்பராக வாங்குங்கள். பெயர் றப்பர் என்றாலும் இவற்றில் பெரும்பாலானவை ஒருவகை மென்மையான பிளாஸ்டிக். அதனால்தான் உதிராமல் வெட்டுப்படும். நாட்பட்டுக் காய்ந்த றப்பர் நொறுங்கும். பேப்பர் கட்டருக்குப் புதிய அலகு போடுங்கள். மொட்டைக் கத்திதான் கையை வெட்டும். அழுத்த வேண்டி வருவதால் வழுக்கும். உடைந்த குடையின் கம்பியைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே பள்ளமாக இருக்கும். அதில் ஒரு துண்டின் நுனியைக் கல்லில் தீட்டி, மரப்பிடி போட்டால் தோண்டுவதற்கு நல்ல கருவி. சிறு புள்ளிகளுக்குத் தையல் ஊசி போதும். மரப்பலகையின் மேல் வைத்து வெட்டுங்கள். அலகு போகும் திசையில் விரல் இருக்கக்கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், சிறு வெட்டும் ஆற நாளாகும்.

படத்தை மாற்றுதல்: றப்பரில் நேரடியாகக் கீற வேண்டாம். மெல்லிய தாளில் 2பி பென்சிலால் அழுத்திக் கீறுங்கள். அந்தப் பக்கத்தை றப்பரின் மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேயுங்கள். படம் தலைகீழாக அல்ல, இடம் வலம் மாறி றப்பரில் ஒட்டும். குத்தும்போது அது மறுபடி மாறி நேராக விழும். என் முதல் பிழை இதனால் தீர்ந்தது.

வரம்பு போல வெட்டுதல்: என் பாய்மரம் ஏன் ஒடிந்தது? கோட்டின் அடிப்பக்கத்தை நான் குடைந்துவிட்டேன். வயல் வரம்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒடுக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால்தான் நிற்கும். அடியை நண்டு குடைந்தால் இடிந்து விழும். கோட்டின் இரண்டு பக்கமும் கத்தியை வெளிப்புறமாகச் சரித்து வெட்டினால் ஒவ்வொரு கோடும் ஒரு வரம்பாக நிற்கும். ஆழம் 2 மில்லிமீற்றர் போதும். அதற்குமேல் போனால் றப்பர் வளைந்து படம் கோணும்.

வெட்டும் ஒழுங்கு: உள்ளே இருக்கும் சிறிய இடங்களை முதலில், வெளியே உள்ள பெரிய இடங்களைக் கடைசியில். வெளிப்புறத்தை முதலில் வெட்டிவிட்டால் உள்ளே வெட்டும்போது கோட்டுக்குப் பிடிமானம் இருக்காது. சந்தேகமாக இருந்தால் வெட்டாமல் விடுங்கள். விட்டதை நாளைக்கும் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

எழுத்து: தமிழ் எழுத்தில் சுழி அதிகம். 'ண', 'ழ' போன்றவற்றை மிகச் சிறிதாக வெட்டினால் சுழிக்குள் மை அடைத்துக் கறுப்புப் புள்ளியாகிவிடும். முழுப் பெயருக்கு ஆசைப்படாமல் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வெட்டிப் பழகுங்கள். 'ப' எழுத்துக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள், அது கண்ணாடியிலும் ஏறக்குறைய 'ப'தான்.

மையும் குத்துதலும்: சீலை மைப்பெட்டியில் அமுக்க வேண்டாம். சீலை நிமிர்த்திப் பிடித்து, மைப்பெட்டியால் அதன் மேல் மெல்லத் தட்டுங்கள். கோட்டில் மட்டும் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. தாளின் கீழே மடித்த பத்திரிகையை வையுங்கள். நேராக அழுத்தி, ஆட்டாமல் எடுங்கள். முதலில் கழிவுத் தாளில் குத்திப் பாருங்கள். வேண்டாத இடத்தில் எங்கே மை படுகிறதோ அங்கே றப்பர் இன்னும் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சீவிவிட்டு மறுபடி குத்துங்கள். என் மூன்றாவது சீலின் ஊத்தைக் கோடுகள் இப்படித்தான் போயின. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, கடதாசியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் வெறுமனே போட்டால் நாளடைவில் றப்பர் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

பெயரில்லாத சீல்

லெட்டர்பொக்சிங் செய்கிறவர்கள் தங்களுக்கென்று ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வது வழக்கம். எங்கள் குழுவில் இதுதான் பெரிய விவாதமாகிவிட்டது. "எங்கட ஊரில குடி தாயால வாறது. ஆனா கடுதாசியில எல்லாம் இன்னாரிட பொஞ்சாதிதானே" என்று ஒருவர் சிரித்தார். கடைசியில் பலர் பெயரே வேண்டாமென்று படம் மட்டும் வெட்டினார்கள். ஒருவருக்கு இறால், ஒருவருக்கு அகப்பை, மீன் விற்கும் மாமிக்குத் தராசு. பன்பாய் இழைக்கும் இருவர் தங்கள் சீலை மட்டையில் குத்தி, பாயோடு கட்டி விற்கிறார்கள். அதனால் பாய் கூடுதலாக விற்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். யார் இழைத்த பாய் என்று வாங்குகிறவருக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இதை வாழ்வாதாரத் திட்டம் என்று நினைத்து யாரும் கடன் எடுத்துவிட வேண்டாம்.

ஓர் அக்காவைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பின்னரே எழுதுகிறேன். அவரது கணவர் 1990இல் வெளியே போனவர், திரும்பி வரவில்லை. எங்கள் குழுவிலேயே பாரமான பை அவருடையதுதான். மரணச் சான்றிதழ் எடுத்தால் காரியங்கள் சுலபமாகும் என்று பலர் பல தடவை சொல்லியும் அவர் எடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இறந்தார் என்று எழுதாமல், காணவில்லை என்று எழுதித் தரும் சான்றிதழ் பெற வழி உண்டு. குடும்பத்தின் சொத்து, கொடுப்பனவு விடயங்களுக்கு அது உதவும். அதையாவது எடுங்கள் என்று நான் அவரை நெருக்கியிருக்கிறேன். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன். அதன் பின் இரண்டு மாதம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை.

சீல் வெட்டத் தொடங்கிய அன்று அவர் றப்பரைக் கையில் எடுக்கவில்லை. "எனக்குச் சீல் வேணாம் புள்ள. இரிக்கிற சீலே போதும்" என்றார். இந்தமுறை நான் நெருக்கவில்லை. மூன்று கிழமை சும்மா இருந்து மற்றவர்கள் வெட்டுவதைப் பார்த்தார். நான்காவது கிழமை, மிஞ்சிக் கிடந்த ஒரு றப்பரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த கிழமை அவர் கொண்டுவந்தது ஒரு கண்டல் மரம். வாவிக்கரையில் நிற்குமே, வேர்களைக் காலாக ஊன்றிக்கொண்டு, அது. அந்த வேர்கள்தான் வெட்டக் கடினமானவை. ஒவ்வொன்றும் நூல்போல. எல்லாம் வரம்புபோலச் சரிந்து, ஒன்றுகூட ஒடியாமல் நின்றன. இரவில், ஊசியாலும் அலகாலும், ஐந்து நாளாக வெட்டினாராம். நான் பலமுறை குத்திப் பார்த்தேன். என் எந்தச் சீலும் அதற்குக் கிட்ட வராது. எப்படி இவ்வளவு பொறுமை என்று கேட்டேன்.

"இதில விதவையா, கலியாணம் கட்டினவவா எண்டு ஆரும் கேக்கல்லயே" என்றார்.

படிவங்களில் அந்தக் கட்டம் எப்போதும் இருக்கும். அவர் அதை வெறுமையாக விடுவார். உத்தியோகத்தர்கள் தங்களுக்குத் தோன்றியதைப் போடுவார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். நானும் எங்கள் நிறுவனத்தின் படிவத்தில் ஒருமுறை அவருக்காக ஒன்றில் சரி அடையாளம் போட்டிருக்கிறேன். எதில் என்று இப்போது ஞாபகமில்லை. அவருக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தச் சான்றிதழை அவர் இன்னும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எடுப்பதானால் எந்த அலுவலகம், என்ன பத்திரங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது அவரது பையில் இருக்கிறது. 13 வீடுகளின் சீலும் இப்போது அவரது கொப்பியில் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் முதலில் நடந்து முடித்தவர் அவர்தான்.

சகோதரிகளே, ஒரு றப்பரை எடுத்து முயன்று பாருங்கள். முதலாவது பழுதாகும், பரவாயில்லை. இரண்டாவதையோ மூன்றாவதையோ ஒரு தபாலட்டையில் குத்தி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். பெயர் எழுத விருப்பமில்லை என்றால் ஊரை மட்டும் எழுதுங்கள். எங்கே வெட்டு வழுக்கியது, எப்படித் திருத்தினீர்கள் என்றும் இரண்டு வரி சேர்த்து எழுதினால் மற்றவர்களுக்கு உதவும். வருகிறவற்றை அடுத்த இதழில் இந்தப் பக்கத்திலேயே பார்ப்போம்.